பூனை மீசை

இந்த மயில்சாமி மட்டும் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தாமோதரன் நினைத்தான். கெட்டவன்கூட வேண்டாம், கொஞ்சம் சோம்பேறியாக இருந்தாலே போதும். அடித்தது தாமோதரன், காணாமல் போனது தாமோதரனின் பந்து, ஆனால் கையிலிருந்த மட்டையைப் பைக்குள் செருகக்கூட நேரமில்லாமல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறவன் கூட ஆடுகிற மயில்சாமி. "கவலப்படாதீங்ணா, நானிருக்கேன், கண்டுபுடிச்சுப்போடலாமுங்!" என்று திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே ஓடுகிறான். நீ இருக்கிறதுதான்டா கவலையே. வருஷம் முழுக்க இருபது போட்டி ஆடி, கடைசிப் போட்டியின் கடைசி நாளில், கடைசிக் குழியில் வந்து நிற்கிறான் தாமோதரன். கோல்ஃப் ஆடியே பிழைக்கிற ஆண்கள் இந்த நாட்டில் நூற்றைம்பது பேர் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள்; வருஷக் கடைசியில் புள்ளி வரிசையில் முதல் அறுபது பேருக்கு அடுத்த வருஷம் ஆட கார்டு, மிச்சம் பேருக்கு டாட்டா. காலையில் அவன் அறுபத்துநாலு. இப்போது, செல்போனையே பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துபோன மச்சான் எத்திராஜ் சொன்னபடி, இந்தக் குழியை நாலு அடியில் முடித்தால் அறுபது, அஞ்சு ஆனால் அறுபத்திரண்டு. மூணு அடியில் முடிக்க வேண்டிய சின்னக் குழிதான், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு அடித்தான், அதுதான் வினை. பந்து வலது பக்கம் வளைந்து வளைந்து, குழி இருக்கிற வழவழப்பான க்ரீனைத் தாண்டி, கொல்லைப்பக்கம் மாதிரி மண்டிக்கிடந்த உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. அப்படிப் போனால், தொலைந்தாலும் தொலையும் என்று அடித்த இடத்திலேயே இன்னொரு பந்தை வைத்து அடித்துவிட்டுப் போவது வழக்கம். முதல் பந்து தொலைந்தால்தான் இரண்டாவது செல்லும். முதல் பந்து கிடைத்துவிட்டால் இரண்டாவது எப்பேர்ப்பட்ட அடியாக இருந்தாலும் செல்லாது. அடித்தது ஒன்று, தொலைத்ததற்குத் தண்டம் ஒன்று, ஆக இரண்டாவது பந்து மூணாவது அடி. இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் வைத்து அடித்த அந்த மூணாவது அடி, என்னத்தைச் சொல்ல, சும்மா ஜம்மென்று உயரப் போய், மெத்தென்று விழுந்து, குழிக்கு ரெண்டரை முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒரு அடி அவன் இந்த வருஷம் அடிக்கவேயில்லை. முதல் பந்து தொலைந்தால் ஒரு தட்டு, நாலு, அறுபது, கார்டு. முதல் பந்து கிடைத்தால் அந்த முள்ளிலிருந்து அதை எடுத்து அடித்து, தப்பி, திரும்ப அடித்து, அஞ்சுக்குக் குறையாது, ஆறும் ஆகும். அதனால் தாமோதரன் முருகா, பந்து கெடைக்கக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டே நடந்தான்.

எத்திராஜ் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு காதோரம் வந்தான். அவன் தாமோதரனின் மனைவி சுகுணாவுக்கு அண்ணன்; தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு மாப்பிள்ளையின் மட்டைப் பையையும் தூக்கியவன், பதினோரு வருஷமாக இறக்கவில்லை. "மாப்ள, அந்தாண்ட இன்னாத்துக்குப் போற? நேரா க்ரீனுக்குப் போ, ஒரு தட்டு தட்டு, வந்துகினே இரு. அவன் பாட்டுக்குத் தேடிக்கினு இருக்கட்டும்." ரூல்படி மச்சான் சொல்வது சரி. இரண்டாவது பந்தைத் தட்டிவிட்டால் அந்த நொடியோடு முதல் பந்து தொலைந்ததாகவே ஆகிவிடும், அப்புறம் தேடுகிறவன் தேடிக்கொண்டே இருக்கலாம். ரூல் தப்பில்லை, அப்புறம் மூஞ்சியைக் காட்ட முடியாது, அதுதான் தப்பு. அங்கே ஒருத்தன் முழங்கால் மட்டும் முள்ளுக்குள் இறங்கி, புறங்கையில் ரத்தக் கீறலோடு, "எங்கூரு காடுங்ணா இது, இங்க ஒவ்வொரு செடியும் எனக்குத் தெரியும்!" என்று சந்தோஷமாகத் தேடுகிறான். போதாக்குறைக்கு அவன் அம்மா பூவாத்தாள். மகன் சொந்த ஊரில் ஆடுகிறதைப் பார்க்க வந்த அந்த அம்மாள், வெயிலுக்கு விரித்த குடையை மடக்கி அதாலேயே செடியை விலக்கிக்கொண்டு, "ஏஞ்சாமி, அந்த கோல்ஃப் பாலுக்கு என்னங் அடையாளம்?" என்று தாமோதரனைக் கேட்டார். "பூனை மீசைங்கம்மா. எம்மக வரைஞ்சது." "மீசையாமா! அட, அப்பச் சுளுவாக் கண்டுக்கலாமுங்." இவர்களை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு, எனக்கென்ன வந்தது என்று அந்தப் பக்கம் போய் ஒருத்தன் தட்டிவிட்டு வருவானா? வருவான். சண்டிகர்க்காரன் ஒருத்தன் வந்ததைப் போன மாசம் கண்ணாலேயே பார்த்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அந்தச் சண்டிகர்க்காரனின் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. தவிர இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேடுவதற்குக் கெடு மூணே நிமிஷம். ஆனால் அந்த மூணு நிமிஷம், பந்துக்காரனோ அவன் பை தூக்குகிறவனோ தேட ஆரம்பித்தால்தான் ஓடும். அதுவரை மயில்சாமியும் பூவாத்தாளும் எத்தனை நிமிஷம் தேடினாலும் கணக்கில் வராது. அதாவது பந்து சீக்கிரம் தொலைய வேண்டுமானால் தாமோதரன் சீக்கிரம் தேட ஆரம்பிக்க வேண்டும். இந்த விளையாட்டை எவன்டா கண்டுபிடித்தான்? புதரோரம் நின்றிருந்த ரெஃப்ரி கிருபாகரனைப் பார்த்து, "சார், நான் தேட ஆரம்பிச்சிட்டேன்" என்று கத்திக்கொண்டே கடைசிப் பத்தடியை ஓடியே கடந்தான். கிருபாகரன் கடிகாரத்தைத் தட்டினார்.

தேடாமல் தேடுவது எப்படி? கையில் மட்டையை வைத்துக்கொண்டு செடியை இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு, புருவத்தைச் சுருக்கி ஒரு பார்வை. வீட்டில் சுகுணா சாவியைக் காணோம் என்றால் அவன் இப்படித்தான் தேடுவான், பார்த்த இடத்தையே மூணு தரம் பார்ப்பான், அவள் வந்து மூக்குக்குக் கீழே இருந்து எடுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கட்டும். சந்தன நிறமும் ரோஸ் நிறமும் கலந்த சின்னப் பூக்கள், கசக்கினால் வரும் அந்தக் காட்டு வாடை, ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு போகிறது, ஓணானே நீ பார்த்தாயா, பார்த்திருந்தால் சொல்லாதே. பாம்பு இருக்குமோ? இருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டுவிரியன் ஜாஸ்தி என்று சொன்னதே இந்த மயில்சாமிதான். கடித்துவிட்டால்? ஆஸ்பத்திரி, கட்டு, குளுக்கோஸ், உடம்பு முடியாமல் போனவர்களுக்கு அடுத்த வருஷம் சலுகையில் சில போட்டி ஆட விடுவார்கள். அட, பாம்பு கடித்தால் பாதி கார்டு! சீ, என்ன புத்தி இது. எப்படி வந்தது இந்த மயில்சாமிக்கு இவ்வளவு பாசம்? குவாஹாட்டியில் வந்தது. ஜூன் மாசம், விடாத மழை, மயில்சாமியின் பந்து மூங்கில் தோப்புக்குள் போனது, அவன் முகம் செத்துப்போனது. அன்றைக்கு இரண்டு நாள் ஆட்டம் முடிந்து பாதிப் பேரைக் கழித்து அனுப்பும் வெள்ளிக்கிழமை, அந்தக் கழிப்புக்கு கட் என்று பேர், அவன் அதில் நூலிழையில் நின்றான். தாமோதரன் சும்மா இருந்திருக்கலாம். மழைத் தண்ணீரில் கைவிட்டு, சேற்றைத் துழாவி, கெடு முடிய பத்து நொடி இருக்கையில், "டேய், இதோடா!" என்று தூக்கிப் பிடித்தான். மயில்சாமி தப்பினான், அந்தப் போட்டியில் ஏழாவதாக வந்தான், அன்றையிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் அண்ணனுக்கென்று ஒரு டப்பா முறுக்கு கொண்டுவருகிறான். இன்றைக்கு வரிசையில் நாற்பத்துமூணில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் பந்து கிடைத்து என்ன ஆகவேண்டும்? ஒன்றும் ஆகவேண்டாம். நன்றிக்கடன். அவ்வளவுதான். "கெடச்சா நீங்க மூணே போட்டுறலாமுங்ணா!" என்கிறான். முள்ளுக்குள்ளிருந்து மூணா! துரோகி என்று மனசுக்குள் திட்டக்கூட வழியில்லாமல் இப்படி ஒரு நல்லவனை முருகன் எனக்கென்று அனுப்பியிருக்கிறானே. "நாப்பது செகண்ட் ஆச்சு" என்றார் கிருபாகரன்.

நாற்பதுதானா! ஜெய்ப்பூர் ரயில்கூட இதைவிடச் சீக்கிரம் நகர்ந்ததே. அந்த ரயிலில்தான் எத்திராஜின் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் மட்டைப் பைக்குள் உடைந்தது. நாலு நாளும் கையுறையிலிருந்து ஊறுகாய் வாசனை, ஒவ்வொரு அடிக்கும் வாயில் எச்சில் ஊறியது, ஆனால் என்ன அதிசயமோ அந்த வாரம்தான் அவன் பதினாறாவதாக வந்தான். அடுத்த வாரம் எத்திராஜ் வேண்டுமென்றே ஊறுகாயைக் கைப்பிடியில் தடவப் பார்த்தான். ஜாம்ஷெட்பூரில் ஆறடி தள்ளியிருந்த சின்னத் தட்டைத் தப்பவிட்டு கட் போனது, கொல்கத்தாவில் போனது, அகமதாபாத்தில் போனது. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி வேளச்சேரி வீட்டுக்கு வந்து நின்றால் சுகுணா ஒன்றும் கேட்கமாட்டாள், தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். மகள் மதுமிதாதான் குதிப்பாள். அப்பா தோற்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார், பீச்சுக்குக் கூட்டிப்போவார், ஜெயித்தால் வரமாட்டார். எட்டு வயசுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எது? எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், "இந்த வாரமும் சீக்கிரமே வந்துட்டீங்களே, லீவு நல்லாத் தராங்க போலருக்கே" என்பார், பாவம், கிண்டலில்லை, உண்மையாகவே சந்தோஷப்படுவார். செப்டம்பரில் சுகுணா சொன்னாள், சண்டை போடாமல், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே: "இந்த வருஷம் கார்டு நின்னுச்சுன்னா போ. நிக்கலன்னா ஓ.எம்.ஆர்.ல உன் ஃப்ரெண்டு கூப்பிடுறாரே, அந்த ப்ராக்டிஸ் ரேஞ்சுல போய் ஐ.டி. பசங்களுக்குச் சொல்லிக்குடு. நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். நீயும் சொல்லக் கூடாது." சரி என்று தலையை ஆட்டினான். தலையை ஆட்டியது அவன்தான். முப்பத்தொன்பது வயசில் மறுபடி தகுதிப் போட்டிக்குப் போய் பத்தொன்பது வயசுப் பையன்களோடு மல்லுக்கட்டுவதற்கு இடுப்பு சம்மதிக்காது, சுகுணாவும் சம்மதிக்கமாட்டாள். வலை கட்டிய ரேஞ்சில் நின்று, குனியாதீங்க சார், முட்டிய மடக்குங்க சார், என்று காலம் பூராவும். ஐயோ. கேவலமான வேலை இல்லை, நல்ல வேலை, ஏ.சி. இருக்கும். ஆனால் காலை ஆறு மணிக்கு முதல் குழியில் பனி நனைந்த புல்லில் நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே, சென்னையிலிருந்து தாமோதரன் என்று, அப்போது அடிவயிற்றில் ஒன்று பிடிக்குமே, அது அங்கே கிடையாது. அது இல்லாமல் என்ன ஆவோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் கிளம்புவதற்கு முந்தின நாள் மதுமிதா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பன்னிரண்டு பந்துக்கும் கறுப்பு மார்க்கரால் மீசை வரைவாள். எல்லாப் பந்தும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, உன்னுடையது எது என்று தெரிய ஒரு குறி வேண்டும். மற்றவர்கள் புள்ளி வைப்பார்கள், கோடு போடுவார்கள். இவனுக்குப் பூனை. பந்தில் அச்சடித்திருக்கிற நம்பர்தான் மூக்கு, அதற்கு இந்தப் பக்கம் மூணு முடி, அந்தப் பக்கம் மூணு முடி. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் கூட ஆடுகிறவனிடம் நம்பரையும் குறியையும் சொல்லிவிட வேண்டும். முதல் பந்து ரெண்டாம் நம்பர், பூனை மீசை. அடுத்தது நாலாம் நம்பர், அதே மீசை. மயில்சாமி ஒவ்வொரு தரமும் சிரிப்பான். இந்த வாரமே எத்தனை பூனையைப் பறிகொடுத்தாயிற்று, குளத்தில் இரண்டு, செவ்வாய்க்கிழமை பயிற்சியில் இதே பக்கம் ஒன்று. அப்பா, பூனைங்க எல்லாம் எங்கப்பா போச்சு என்று திரும்பிப் போனதும் கேட்பாள். "ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் கிருபாகரன். அந்தப் பக்கம் பூவாத்தாள், "கண்ணு, இங்க ஒரு செருப்புத்தான் கெடக்குது" என்றார்.

அப்போதுதான் அது அவனைப் பார்த்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, சத்தியமாக அதுதான் அவனைப் பார்த்தது. வலது கால் வைத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால், உண்ணிச்செடியின் தூருக்குள், காய்ந்த சருகுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கன்னம். கன்னத்தில் மூணு முடி. மூக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நாசமாப் போச்சு. யாரும் பார்க்கவில்லை. எத்திராஜ் இடது பக்கம், அவனும் தேடாமல்தான் தேடுகிறான். மயில்சாமி இந்தப் புதரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டான். கிருபாகரன் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஐம்பது நொடி. நகர்ந்து போ தாமோதரா, காலை எடுத்து அந்தப் பக்கம் வை, அவ்வளவுதான், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், தொடக்கூட வேண்டாம். மிதித்து அமுக்கினால் அது திருட்டு, பார்க்காமல் போனால் அது என்ன? பார்க்காமல் போவது. எத்தனை பேர் எத்தனையோ பொருளைப் பார்க்காமல் போகிறார்கள். வருஷம் பூரா எனக்கு என்ன அதிர்ஷ்டம் வந்தது, ஜாம்ஷெட்பூரில் பந்து மரத்தில் பட்டுக் குளத்துக்குள் போகவில்லையா, எவனுடைய பந்தோ அதே மரத்தில் பட்டு க்ரீனுக்குள் போகவில்லையா, அப்போது நியாயம் எங்கே போயிருந்தது, கழிப்பறைக்கா? நாற்பது. நல்லா யோசி. இது உன் பந்து என்று நிச்சயமா? மீசை இருக்கிறதே. மீசை யாருக்கும் இருக்கலாம். ஆமாம், இந்தியா பூரா நூற்றைம்பது பேரும் பூனை மீசைதான் வரைகிறார்கள், போடா. சரி, உன் பந்துதான். அதனால்? அந்த ரெண்டரை முழத்தில் உட்கார்ந்திருக்கிற பந்தை நினைத்துப் பார். அப்படி ஒரு அடிக்கு மரியாதை வேண்டாமா? அந்த அடி செல்லாது என்று சொல்வதுதான் பெரிய அநியாயம். சுகுணாவிடம் சொல்லவே போவதில்லை. எத்திராஜிடம்கூட வேண்டாம். ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் கொஞ்ச நாளில் அவனுக்கே மறந்துபோகும். முப்பது. மறக்குமா? ஊறுகாய் வாசனையே மறக்கவில்லை. ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முந்தின நாளும் அந்தக் குழந்தை தரையில் படுத்து மீசை வரைவாள், ஒவ்வொன்றும் இப்படி ஒரு கன்னத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். வேறு குறி போடச் சொல்லலாம். பூ வரையச் சொல்லலாம். ஏம்ப்பா பூனை வேணாம் என்பாள். அதற்கு ஒரு பொய். பரவாயில்லை, பிள்ளைகளிடம் சொல்லாத பொய்யா, நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லவில்லையா? ஆக எல்லாப் பக்கமும் யோசித்தாகிவிட்டது, முடிவும் எடுத்தாகிவிட்டது, காலை எடுத்து நிதானமாக இடது பக்கம் வைக்க வேண்டியது, இருபத்தைந்து நொடி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டியது, அப்புறம் கார்டு. முருகனுக்கு மொட்டை. இந்த முடிவு சரியான முடிவு என்று மனசு கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தி முடித்த அதே நேரத்தில், "மயிலு! இங்க இருக்குடா! கெடச்சிடுச்சு!" என்று ஒரு குரல் கேட்டது. எவன்டா அவன் என்று தாமோதரன் திடுக்கிட்டான். அது அவன் வாய்தான்.

எத்திராஜ் பையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். மயில்சாமி ஓடிவந்தான், பூவாத்தாள் மட்டும் தூரத்தில் இன்னும் குடையால் குத்திக்கொண்டிருந்தார், காது கொஞ்சம் மந்தம். கிருபாகரன் குனிந்து பார்த்துவிட்டு, "கெடுவுக்கு இன்னும் இருபத்திரண்டு செகண்ட் இருக்கு. உங்க பந்துதானான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தாமோதரன் மண்டியிட்டான். முழங்காலில் முள் ஏறியது, ஏறட்டும். மனசுக்குள் வலை கட்டிய ரேஞ்ச் வந்து நின்றது, ஏ.சி. குளிர்கூட அடித்தது, வியப்பாக அவ்வளவு மோசமாக இல்லை. முட்டியை மடக்குங்க சார் என்று கணீரென்ற குரலில் சொல்லவும் தன்னால் முடியும் என்றுதான் தோன்றியது. ஒரு பாரம் இறங்கிப் போயிருந்தது, அதை நினைக்க அவனுக்கே எரிச்சலாக இருந்தது. ரூல்படி ஒரு காசை வைத்து இடத்தைக் குறித்துவிட்டு இரண்டு விரலால் பந்தை மெல்லத் திருப்பினான். மூக்கு வந்தது. மூக்கு மூணாக இருந்தது. அவன் திரும்பவும் பார்த்தான். மூணு. ரெண்டில்லை. மண் ஒட்டி, ஒரு பக்கம் பழுப்பேறி, ஒரு எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்த மூணாம் நம்பர் பூனை. "இது..." என்றான், வாய் இப்போது வேலை செய்யவில்லை. "இது செவ்வாய்க்கிழமப் பூனை." கிருபாகரனுக்குப் புரியவில்லை. எத்திராஜுக்குத்தான் முதலில் புரிந்தது. "ப்ராக்டிஸ்ல தொலச்சோமே, அதுவா? அதே பொதருலயா ரெண்டு வாட்டி போட்ட? அடப்பாவி மாப்ள!" என்று ஆரம்பித்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். மயில்சாமியின் முகம்தான் தொங்கிப்போனது. "அட, உங்க பாலு இன்னும் கெடைக்கலீங்களே. இன்னொரு பக்கம் மட்டும் பாத்துப்போடறேனுங்" என்று அவன் மறுபடி முள்ளுக்குள் கையை விடுவதற்குள் கிருபாகரன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "மூணு நிமிஷம் முடிஞ்சது. பந்து தொலைஞ்சது. ரெண்டாவது பந்தை ஆடுங்க." கோல்ஃப் ஆட ஆரம்பித்த இருபது வருஷத்தில் பந்து தொலைஞ்சது என்ற வார்த்தை இவ்வளவு இனிப்பாகக் காதில் விழுந்ததேயில்லை. "ஸாரிங்ணா, குவாஹாட்டிக்குப் பதில் செய்ய முடியலையேங்" என்று மயில்சாமி உண்மையாகவே வருத்தப்பட்டான். "பரவால்லடா, விடு" என்று அவன் தோளைத் தட்டினான் தாமோதரன். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாலும் கொடுத்திருப்பான், ஆனால் மயில்சாமியின் புறங்கையெல்லாம் ரத்தம்.

ரெண்டரை முழம். போன வாரம் இதே தூரத்தை மூணு தரம் தப்பவிட்டான். இன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. பயப்படுவதற்கான பயமெல்லாம் புதருக்குள்ளேயே செலவாகிவிட்டது போலிருந்தது. எத்திராஜ் பின்னால் குந்திப் பார்த்து, "உள்ளங்கை அளவு இடது பக்கம், பொறுமையா" என்றான். நாலாம் நம்பர் பூனை, மூக்கு மேலே பார்க்க, ஒரு பக்கத்துக்கு மூணு முடி. தட்டினான். பந்து உருண்டது, குழி விளிம்பில் கொஞ்சம் யோசித்தது, யோசிக்காதே தாயி, விழுந்தது. எத்திராஜ் கொடிக்கம்பத்தை ஏந்திக்கொண்டு ஊர்வலம் போகிறவன் மாதிரி க்ரீனைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "அறுபது மாப்ள! அறுபது!" மொத்தக் கூட்டமும் ரெஃப்ரியோடு சேர்த்து நாலே பேர், ஆனாலும் கைதட்டல் கேட்டது. புதர்ப்பக்கமிருந்து பூவாத்தாள் குடையைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க வந்தார். "சாமி, இதா பாருங்! கெடச்சிருச்சு!" உள்ளங்கையில் ரெண்டாம் நம்பர் பூனை, ஒரு கீறல் இல்லாமல் பளிச்சென்று சிரித்தது. "எங்கம்மா கெடந்துச்சு?" "பொதருக்குள்ள எல்லாம் இல்லீங். அதுக்கு அந்தப் பக்கம், வெட்டுன புல்லு மேல, சும்மா மொட்டையாக் கெடந்துச்சுங்." வெட்டின புல்மேல். அங்கிருந்து மூணே போட்டிருக்கலாம். மயில்சாமி சொன்னது சரி. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடாமல் தேடியதை நினைத்தான் தாமோதரன், எத்திராஜைப் பார்த்தான், எத்திராஜ் வானத்தைப் பார்த்தான்.

மயில்சாமியும் தன் பந்தை முடித்ததும் கணக்குக் கூடாரத்துக்கு நடந்தார்கள். இந்த ஆட்டத்தில் அவனவன் அடியை அவனவன் எழுதுவதில்லை. தாமோதரனின் அட்டை மயில்சாமியின் கையில், மயில்சாமியின் அட்டை தாமோதரனின் கையில். மயில்சாமி நடந்துகொண்டே கடைசிக் கட்டத்தில் நாலு என்று உருண்டையாக எழுதி, அதைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான். பிறகு சாதாரணமாக, மழை வருமாட்ட இருக்குது என்கிற குரலில் சொன்னான்: "அந்த மூணாம் நம்பரு பாலை நான் முன்னாடியே பாத்தேனுங்ணா." தாமோதரனின் கால் நின்றது. "அந்தப் பக்கமிருந்து பாத்தா நம்பரு நல்லாத் தெரிஞ்சுதுங். உங்களுது ரெண்டாச்சே, அதான் உட்டுப்போட்டு வேற பக்கம் போனேன். அப்பறம் நீங்க அதுக்குமேல வந்து நின்னீங்க. செடிக்கு அந்தப் பக்கம்தான் நானு நின்னுட்டிருந்தேன்." தாமோதரனுக்குக் காது இரண்டும் சூடேறியது. நம்பர் தெரியவில்லை என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அழகான பொய், கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தயாராக வந்து நின்றது. ஆனால் இன்றைக்கு வாய் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. "நம்பரப் பாக்கலடா மயிலு. மீசைய மட்டும்தான் பாத்தேன். எம் பாலுன்னேதான் நெனச்சேன். உங்கிட்டச் சொல்லலாமா வேணாமான்னு நின்னுட்டிருந்தேன். வேணாம்னு முடிவே பண்ணிட்டேன்." சொல்லிவிட்டு தரையைப் பார்த்தான். மயில்சாமி அட்டையை அவனிடம் நீட்டி, முள் கீறின கையால் காதைச் சொறிந்துகொண்டு, "தெரியுமுங்ணா. முப்பது செகண்டு நின்னீங்க, நான் எண்ணிட்டிருந்தேன்" என்றான். "குவாஹாட்டியில என்ற பாலு மூங்கிலுக்குள்ள போச்சே, அப்ப வேற ஒரு பாலு எங்காலுக்குக் கீழ சும்மா கெடந்துதுங். அது என்றதுன்னு சொல்லிப்போடலாமான்னு நான் ஒரு நிமிசம் முழுசா நின்னேன். அதுக்குள்ள நீங்க வந்து நெசமான பாலைக் கையில குடுத்துட்டீங்க. அதுக்குத்தானுங்ணா முறுக்கு." அவன் முன்னால் நடந்தான். தாமோதரன் மூணாம் நம்பர் பூனையைப் பாக்கெட்டுக்குள் உருட்டிக்கொண்டே அவன் பின்னால் போனான். அதை மதுமிதாவிடம் கொடுத்து, பார், ஒண்ணு திரும்பி வந்துடுச்சு என்று சொல்ல வேண்டும்.